துண்டுக்குள் வந்த தூக்கம்

வேலந்தாவளம்
15-6-2025

அன்புத் தங்கை கௌலத்துக்கு, அண்ணன் நூர்தீன் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நான், மகன் நியாஸ், மருமகள் ரஜீனா எல்லோரும் சுகம். உன் முட்டிவலி தேவலையா? உன் மகன் ஷபீருக்கும் மருமகள் ஹஃப்ஸாவுக்கும் என் ஸலாம்.

போன் இருக்க இவன் ஏன் கடுதாசி எழுதுகிறான் என்று நினைக்காதே. என் காது இருக்கிற லட்சணத்துக்கு ஸ்பீக்கர் போட்டால்தான் ஆகும். ஸ்பீக்கர் போட்டால் எனக்கு முன்னால் அடுத்த வீட்டுக்காரனுக்குக் கேட்டுவிடுகிறது. இது ஊருக்குக் கேட்க வேண்டிய விஷயம் இல்லை.

பக்ரீத்துக்கு வந்தபோது என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு போனாயே, அந்தத் தூக்க வைத்தியத்தைத் தொடங்கிவிட்டேன். உன்னைப் போல ஆஸ்பத்திரிக்குப் போய் மனசு வைத்தியர் முன்னால் உட்கார எனக்கு மனசு வராது. நியாஸ் போனிலேயே ஏற்பாடு செய்துவிட்டான். போன் தினமும் பாடம் சொல்கிறது. எப்போது படுத்தேன், எப்போது தூங்கினேன் என்று காலையில் நான் அதற்குப் பதில் தட்ட வேண்டும். வாரத்துக்கு ஒருநாள் பாலக்காட்டிலிருந்து பிரதீபா என்று ஒரு பெண் கூப்பிடும். டாக்டர் இல்லையாம், கவுன்சிலராம். தன்மையாகப் பேசுகிறாள். மாத்திரையே கிடையாது என்கிறாள். மாத்திரை இல்லாமல் என்ன வைத்தியமோ, போ.

எவ்வளவு நேரம் தூங்குகிறீர்கள் என்று கேட்டாள். தூங்குவதில் பாதியைத்தான் சொன்னேன். காலமெல்லாம் மாட்டுத் தரகு பார்த்தவன், உள்ளதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவேனா? குறைத்துச் சொன்னால்தானே நோய் பெரிது என்று நல்ல வைத்தியமாகக் கொடுப்பார்கள். தினமும் போனில் தட்டுவதும் அதே பாதிதான்.

பதில் போடு.
உன் அண்ணன்
நூர்தீன்

வண்டிப்பெரியார்
24-6-2025

அண்ணனுக்கு கௌலத்தின் ஸலாம். உங்கள் கடுதாசி கிடைத்தது. இங்கே மழை பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. கடையில் யாவாரம் மந்தம். மற்றபடி அல்லாஹ் சுகமாகத்தான் வைத்திருக்கிறான்.

அண்ணா, உங்கள் கடுதாசியைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டேன். இது மாடு இல்லை, விலை பேசுவதற்கு. முதலில் அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லுங்கள். இந்த வைத்தியமே நாம் சொல்கிற கணக்கில்தான் நிற்கிறது. எவ்வளவு நேரம் நிஜமாகத் தூங்குகிறோமோ, ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் கட்டிலில் இருக்க விடுவார்கள். சும்மா படுத்துப் புரளுவதை வெட்டிவிட்டால் இருக்கிற தூக்கம் கெட்டிப்படும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுவார்கள். நீங்கள் பாதி சொன்னால் கட்டிலும் பாதிதான் கிடைக்கும்.

எங்களுக்குச் சொல்லித் தருகிற ஜின்சன் சாரும் முதல் நாளே இதைத்தான் சொன்னார். கட்டப்பனையில் ஆஸ்பத்திரி மூன்றாம் மாடியில் வட்டமாக நாற்காலி போட்டு உட்காருவோம். எல்லோரும் என் வயசுக்காரர்கள். தூக்கம் வராவிட்டால் எழுந்து வந்து வேறு இடத்தில் உட்காருங்கள், கட்டிலில் படுத்துக் கவலைப்படாதீர்கள், பகலில் சாயாதீர்கள் என்பார். எனக்கு இப்போது நல்ல குணம்.

முட்டிவலியை விசாரித்திருந்தீர்கள். முட்டிக்கு ஒன்றும் இல்லை அண்ணா. முட்டிக்கு வைத்தியம் என்று வீட்டில் சொல்லித்தான் பஸ் ஏறுகிறேன். மனசு வைத்தியம் என்று ஹஃப்ஸாவிடம்கூடச் சொல்லவில்லை. சொல்ல வெட்கம். அதனால் நீங்களும் மூச்சு விடாதீர்கள்.

அன்புடன்
கௌலத்

வேலந்தாவளம்
6-7-2025

அன்புத் தங்கைக்கு, அண்ணனின் ஸலாமும் துஆவும். எல்லோரும் சுகம். ஆனி பிறந்ததிலிருந்து காற்று ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போகிறது.

நீ சொன்னபடி பிரதீபாவிடம் பேசிவிட்டேன். கவலைப்படாதே.

வைத்தியம் கடுமையாகத்தான் இருக்கிறது. பாதி ராத்திரி ஆகும்வரை கட்டில் பக்கமே போகக்கூடாது. விடியற்காலை சுபுஹு பாங்குக்கு ரொம்ப முன்னாலேயே எழுந்துவிட வேண்டும். மத்தியானம் சாய்ந்திருப்பேனே, அந்த நாற்காலியை ரஜீனா மடக்கி மாட்டுக் கொட்டகையில் வைத்துவிட்டாள். பிரதீபா சொன்னதைச் சட்டம் மாதிரிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "இத்தனை கொஞ்ச நேரந்தானுங்களா மாமா?" என்று ஒருநாள் கேட்டாள். வைத்தியம் அப்படித்தான் என்று சொல்லிவிட்டேன்.

போன் தினமும் சபாஷ் என்கிறது. நிலா படம் ஒன்று போட்டு அது கண்ணடிக்கிறது. இந்த வயசில் எனக்குக் கண்ணடிக்க அது ஒன்றுதான் பாக்கி.

உன் முட்டி விவரம் என்னோடு இருக்கும். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு
நூர்தீன்

வண்டிப்பெரியார்
15-7-2025

அண்ணனுக்கு ஸலாம். நான் சுகம். ஷபீருக்கு மூன்று நாள் காய்ச்சல் அடித்தது, இப்போது எழுந்து கடைக்குப் போகிறான்.

அண்ணா, நீங்கள் எழுதின நேரத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்குக் கூட இத்தனை குறைவாகக் கட்டில் கொடுக்கவில்லை. நான் உங்களைவிட மோசமாகத் தூங்கினவள். பிரதீபாவிடம் பேசினேன் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், என்ன பேசினீர்கள் என்று எழுதவில்லை. உண்மையைச் சொன்னீர்கள்தானே?

இன்னொன்று. ஆரம்பத்தில் பகலில் கண் சொக்கும். நான் கடையில் கடலை நிறுத்துக்கொண்டே தூங்கி, தராசோடு சாய்ந்திருக்கிறேன். ஜின்சன் சாரிடம் சொன்னதும் அன்றைக்கே நேரத்தைக் கூட்டிக் கொடுத்தார். நம் வயசில் பகல் மயக்கம் விளையாட்டு இல்லை, கீழே விழுந்து இடுப்பை ஒடித்துக்கொள்வீர்கள் என்றார். அந்தப் பெண்ணும் உங்களைக் கேட்பாள். கேட்டால் மறைக்காதீர்கள். கொஞ்ச நாளைக்குச் சந்தைக்கும் போக வேண்டாம். மாட்டுக் கூட்டத்துக்குள் நின்று தூங்கி வழிந்தால் என்ன ஆகும்?

உடனே பதில் போடுங்கள்.
கௌலத்

வேலந்தாவளம்
10-8-2025

அன்புத் தங்கைக்கு ஸலாம். சுகம். அங்கே அனைவரின் சுகத்துக்கும் துஆ செய்கிறேன்.

பதில் தாமதம். வேலை இருந்தது. சந்தைக்கு இப்போது போவதில்லை. நீயும் போக வேண்டாம் என்றாய், புழுதியும் அதிகம்.

தூக்கம் பரவாயில்லை.

நூர்தீன்

வண்டிப்பெரியார்
18-8-2025

அண்ணனுக்கு ஸலாம். இங்கே எல்லோரும் சுகம்.

உங்கள் கடுதாசி தபால்தலை அளவுக்குக்கூட இல்லை. நான் சொன்னேன் என்று சந்தைக்குப் போகாமல் இருக்கிறவரா நீங்கள்? அத்தா மௌத்தான வாரம்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சந்தைக்குப் போனீர்கள். வேலை இருந்தது என்கிறீர்கள். சந்தைக்குப் போகாத தரகருக்கு வீட்டில் என்ன வேலை?

என்ன நடந்தது அண்ணா? எதுவாக இருந்தாலும் எனக்கு எழுதுங்கள். உங்களைப் பார்த்துச் சிரிக்கிறவளா நான்?

உங்கள் கடுதாசிக்குக் காத்திருக்கும்
கௌலத்

வேலந்தாவளம்
14-9-2025

மரியாதைக்குரிய மாமி அவர்களுக்கு, மருமகள் ரஜீனா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

நீங்கள் மாமாவுக்கு எழுதின கடுதாசி பிரித்தபடி மேசைமேல் கிடக்கிறது. அவர் பதில் போட மாட்டார் என்று தெரிந்ததால் நான் எழுதுகிறேன். மாமா வாசலைத் தாண்டி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு மட்டும்தான் போகிறார், அதற்கும் எல்லோரும் போன பிறகு போய்க் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, முதல் ஆளாக வந்துவிடுகிறார். சாப்பாடும் சரியாக இல்லை.

ஆடி மாதம் ஒரு சந்தை நாளில் நடந்தது இது. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து பூமாரி என்று ஒரு அம்மா கறவைப் பசுவோடு வந்திருந்தது. வயிற்றில் ஆபரேஷன் ஆகிவிட்டது, இனிமேல் இத்தனை பெரிய பசுவுக்குப் புல் அறுத்துப் போட முடியாது, இதை விற்றுச் சின்னதாக ஒன்று வாங்கிக்கொள்கிறேன் என்று மாமாவை நம்பி ஒப்படைத்தது. பொள்ளாச்சி வியாபாரி ஒருவர் கேட்டார். வழக்கப்படி துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரல் பிடித்து விலை பேசியிருக்கிறார்கள். உங்களுக்குத் தெரியாததா? பிடிக்காத விலை என்றால் கையை உதற வேண்டும். உதறாமல் விட்டால் முடிந்தது. மாமா அப்படியே நின்ற நிலையில் தூங்கியிருக்கிறார். கை வியாபாரியின் கைக்குள்ளேயே இருந்திருக்கிறது. தலையும் ஆடியிருக்கிறது. சரி என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அடிமாட்டு விலைக்குப் பசு போய்விட்டது.

வியாபாரி கயிற்றை அவிழ்த்த பிறகுதான் மாமாவுக்கு முழிப்பு. பக்கத்தில் நின்ற ஒருத்தர், "ஏனுங்க ராவுத்தரே, தூங்கிப்போட்டீங்களா?" என்று கேட்டார். மாமா, "நானா? எனக்கு எங்கடா தூக்கம் வருது? பேசித்தான் முடிச்சேன்" என்று சொல்லிவிட்டார். உங்கள் மருமகன் நியாஸ் பக்கத்தில் தன் தீவனக் கடையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அன்றைக்கு அவருக்கே ஒன்றும் புரியவில்லை, வீட்டில் மாமா நின்றபடி சொக்குவதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

இப்போது சந்தையில், ராவுத்தர் வியாபாரியோடு சேர்ந்துகொண்டு பூமாரியை ஏமாற்றிவிட்டார் என்று பேச்சு. நியாஸ் கடைக்கு வருகிறவர்களே காது படப் பேசுகிறார்கள். மாமா தூங்கிவிட்டார் என்று நியாஸ் சொன்னால் சிரிக்கிறார்கள். தூக்கமே வராது என்று டீக்கடையில் இத்தனை வருஷம் புலம்பினவர் அவர்தானே.

இத்தனைக்குப் பிறகும் அந்தப் பிரதீபா கூப்பிட்டு, பகலில் மயக்கம் உண்டா என்று கேட்டால், "ஒண்ணும் இல்லம்மா" என்கிறார். ஸ்பீக்கரில் எனக்கே கேட்கிறது. நான் என்ன செய்யட்டும் மாமி?

உங்கள் மருமகள்
ரஜீனா

வண்டிப்பெரியார்
20-9-2025

அண்ணனுக்கு,

ஸலாம். சுகம் விசாரிக்க மாட்டேன். சுகமாக இல்லை என்று தெரியும். ரஜீனா மேல் கோபப்படாதீர்கள், அவள் உங்களை நினைத்து அழுதுகொண்டே எழுதியிருக்கிறாள்.

என்னிடமும் பொய் சொன்னீர்களே அண்ணா. பேசிவிட்டேன் என்று எழுதினீர்கள். அந்தப் பெண்ணிடம் பேசினது என்ன, காற்று அடிக்கிறது என்றா? எனக்கு உங்கள் மேல் கோபம் பொங்குகிறது. சத்தியம் வாங்கி உங்களை இதில் இழுத்துவிட்டது நான்தான் என்று நினைத்தால் என் மேலேயே அதைவிடக் கோபம் வருகிறது.

இன்றைக்கே பிரதீபாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லுங்கள். உங்களை நம்பித்தானே அவள் நேரம் போட்டுக் கொடுத்தாள்?

சந்தைக்கு நானே வருகிறேன். நானும் இதே வைத்தியத்தில் இருக்கிறவள், இதில் முதலில் பகலில் தூக்கம் அசத்தும், அண்ணன் தூங்கினது நிஜம் என்று நாலு பேர் நடுவில் நின்று சொல்கிறேன். எனக்கு மனசு வைத்தியம் என்று ஊர் பேசினால் பேசட்டும். உங்கள் பெயருக்கு முன்னால் அது ஒன்றும் பெரிசு இல்லை. வர வேண்டிய நாளைச் சொல்லுங்கள்.

கௌலத்

வேலந்தாவளம்
4-10-2025

என் தங்கைக்கு அண்ணனின் ஸலாம்.

நீ வராதே. உன் மானத்தை விற்று என் மானத்தை வாங்குகிற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை.

ரஜீனா எழுதினது அத்தனையும் நிஜம். உன்னிடம் பொய் சொன்னதும் நிஜம். பாதி சொல்லிவிட்டேன் அம்மா, முழுசு வேறே என்று அந்தச் சின்னப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று தள்ளிப் போட்டேன். நேரத்தைக் கூட்டும்வரை கொஞ்ச நாள்தானே, தாங்கிவிடலாம் என்று நினைத்தேன். சந்தையில் அன்றைக்கு, தூங்கிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வியாபாரி சிரித்துவிட்டு மறுபடி கை நீட்டியிருப்பான். அவன் நல்லவன்தான். என்னால் சொல்ல முடியவில்லை, கௌலத். நூர்தீன் ராவுத்தர் விரல் பிடித்தபடி தூங்கிவிட்டான் என்று சந்தை சொல்வதை என் காதால் கேட்க முடியாது என்று தோன்றியது. அந்த அம்மா கயிறு இல்லாத கையோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டேன். நினைக்கும்போதெல்லாம் உடம்பு கூசுகிறது.

பிரதீபாவிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை நிஜமாக. நன்றாகத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.  அவளோ, "அங்கிளுக்கு எங்கேயாவது அடிபட்டுச்சா?" என்று கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை. நான் நிஜத்தில் எவ்வளவு தூங்குகிறேன் என்று முதலிலிருந்து கேட்டு, புதுசாக நேரம் போட்டுக் கொடுத்தாள். பகல் மயக்கம் தெளிந்த பிறகு சந்தைக்குப் போங்கள் என்றாள். கொஞ்ச நாளில் போய் எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறேன். திருடன் என்பதைவிடத் தூங்குமூஞ்சி என்பது மேல்.

துஆ செய்.
நூர்தீன்

வண்டிப்பெரியார்
12-10-2025

அண்ணனுக்கு ஸலாம். மனசு லேசாக இருக்கிறது. இங்கே மழை விட்டு இரண்டு நாளாக வெயில்.

நீங்கள் என்னைச் சந்தைக்கு வர வேண்டாம் என்றாலும் நான் ஹஃப்ஸாவிடம் சொல்லிவிட்டேன். முட்டி வைத்தியம் இல்லைடி, தூக்கத்துக்கு என்று தொடங்கினேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, "தெரியும் மாமி. முட்டிவலிக்காரவங்க வாராவாரம் மூணு மாடி ஏறிப் போவாங்களா?" என்று கேட்டாள். அந்த ஆஸ்பத்திரியில் அவள் சித்தி மகள் வேலை பார்க்கிறாளாம். முதல் வாரமே தெரியுமாம். நான் மட்டும் இத்தனை மாதம் முட்டியைப் பிடித்துக்கொண்டு நொண்டிக்கொண்டிருந்திருக்கிறேன். தலை நிமிர்த்தி அவளைப் பார்க்க முடியவில்லை.

போய்ச் சொல்லுங்கள் அண்ணா. சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஆனால் ஒன்று, முதலில் பூமாரி வீட்டுக்குப் போங்கள். சந்தை அப்புறம்.

அன்புடன்
கௌலத்

வேலந்தாவளம்
2-11-2025

அன்புத் தங்கை கௌலத்துக்கு ஸலாம். எல்லோரும் சுகம். ஷபீர் வீட்டில் எல்லோருக்கும் என் துஆ.

முதலில் பூமாரி வீட்டுக்குப் போ என்றாய். நான் சந்தைக்குத்தான் முதலில் போனேன். என் பெயர் எங்கே போயிற்றோ அங்கேயே அதைத் தேடிப் போனேன். புளியமரத்தடியில் தரகர்கள் எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்து, வைத்தியத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை. "ராவுத்தர் தூங்கினாராம்பா" என்று ஒருத்தன் சொன்னான், மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். புதுக் கதை கட்டுகிறான் என்று நினைத்துவிட்டார்கள். நான் இத்தனை நாள் பயந்த சிரிப்பு அதுதான். அதுகூட என்னைத் திருடன் என்று வைத்துக்கொண்டுதான் சிரித்தது.

அங்கிருந்து வீட்டுக்கு வந்து நம் கொட்டகைப் பசுவை அவிழ்த்தேன். கறக்கிறவள் ரஜீனா, அவளைக் கேட்காமல் எப்படி என்று நின்றேன். "நானே புடிச்சுட்டு வாரனுங்க மாமா" என்று கயிற்றை வாங்கிக்கொண்டு கூடவே வந்தாள்.

பூமாரி வாசலில் உட்கார்ந்து வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து முந்தானையைச் சரிசெய்தது. நாற்காலி எடுத்துப் போட்டது. நான் உட்காரவில்லை. "அம்மிணி, அன்னைக்கு நான் தூங்கிப்போட்டேன். விலை பேசவே இல்லை. பொய் சொல்லிட்டேன். இந்த மாட்டை வெச்சுக்கோ. சாதுவானது, தீனியும் கம்மி" என்றேன்.

அது என்ன சொன்னது தெரியுமா?

"நீங்க தூங்கினது எனக்குத் தெரியுமுங்க. பக்கத்துல தானுங்க நின்னேன், கொறட்டைச் சத்தமே கேட்டுதுங்க. நாலு பேரு முன்னால பெரியவரைத் தட்டி எழுப்பினா உங்களுக்குக் கேவலமாப் போயிருமேன்னு நின்னுட்டேன். பொறவு தூங்கலைன்னு நீங்களே சொல்லிப்போட்டீங்க. உங்க வாயில வந்ததை நான் பொய்யின்னு சொல்லலாமுங்களா?"

 அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என்னைத் தொட்டு எழுப்பியிருந்தால் அதன் பசு அதனிடமே இருந்திருக்கும். என் மானத்துக்காக வாய் பேசாமல் நின்று பசுவைக் கொடுத்திருக்கிறது. இத்தனை நாளும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பசுவைக் கட்டிவிட்டுத் திரும்பும்போது, "சந்தையில வந்து நான் சொல்லட்டுங்களா?" என்று கேட்டது. அந்த ஒரு சாட்சி போதும், என் பெயர் திரும்பிவிடும். அதைத் தேடித்தானே காலையில் கிளம்பினேன். வேண்டாம் அம்மிணி என்றுதான் வாயில் வந்தது. அதனிடமிருந்து இன்னும் ஒன்றை வாங்கிக்கொள்ள எனக்கு முகம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ரஜீனா கொட்டகையைக் கூட்டிவிட்டு, பால் செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். 

இதைக் கேட்டுவிட்டு வந்தவன் அன்று ராத்திரி கண்ணை மூடாமல் புரண்டு கிடந்திருக்க வேண்டும், கௌலத். அதுதானே நியாயம்? பிரதீபா போட்டுக் கொடுத்த நேரத்துக்குப் படுத்தேன். படுத்ததுதான் தெரியும். ரஜீனா வந்து தோளைத் தட்டி எழுப்பினபோதுதான் கண் திறந்தது. இத்தனை வருஷம் கெஞ்சியும் வராத தூக்கம், வரவே கூடாத ராத்திரியில் வந்து அப்படி அமுக்கிவிட்டது. அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான் வருகிறது. "நல்லா தூங்கினீங்களா மாமா?" என்று அவள் காலையில் கேட்கிறாள். ஆமாம் என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

உனக்கு மட்டும் எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்
நூர்தீன்